கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

கேள்வி: தொழில்நுட்பம் இதே வேகத்தில் வளர்ந்தால் முதலில் மனிதனின் சுதந்திரம் பறிபோகும், அப்புறம் மனித இனமே அழியும் என்கிறார்கள். நீங்கள் நம்புகிறீர்களா?

பதில்: முதல் பாதியை நம்புகிறேன். ஆனால் அது பறிபோகும் விதம் சினிமாவில் வருவதுபோல இருக்காது. சிவப்புக் கண்ணோடு இயந்திர மனிதன் வந்து கழுத்தைப் பிடிக்க மாட்டான். ஒரு கவுன்டர் இருக்கும். பின்னால் ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்திருப்பார். திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்தில அப்படித்தான் சார் காட்டுது" என்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பிரிட்டனின் தபால் நிலையங்களைப் பாருங்கள். 1999-இல் அங்கே 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். இல்லாத பற்றாக்குறையை அது இருப்பதாகக் காட்டியது. கிளையை நடத்திய ஒரு பெண்மணி, கணக்கில் 2,000 பவுண்டு இடிக்கிறதே என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்ன பொத்தான்களைத் தட்டினார். கண்ணெதிரே அது 4,000 ஆனது! போன் செய்த பலருக்கும் கிடைத்த ஒரே பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." கைக்காசைப் போட்டுக் கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கும் மேல். 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டியிருந்தது.

மென்பொருளில் பிழை இருப்பது அதிசயமில்லை. அதை நீதிமன்றமே நம்பியதுதான் அதிசயம். கணினிப் பதிவைச் சாட்சியாகக் கொண்டுவருபவர்தான் கணினி சரியாக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு சட்டப் பிரிவு இருந்தது. அதே 1999-இல் அதை நீக்கச் சட்டம் போட்டார்கள். அதன்பின் நீதிமன்றத்தில் கணினி சரியாகவே இயங்கியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பவர்தான் பிழையைக் காட்ட வேண்டும். மனிதன் பொய் சொல்லக்கூடும், கணினி சொல்லாது! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவர்கள் அம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

கத்தி பழமும் நறுக்கும், கழுத்தும் அறுக்கும் என்ற பழைய பதிலை எதிர்பார்த்திருப்பீர்கள். கத்தி யார் கழுத்து என்று தானே தேர்ந்தெடுப்பதில்லை. இன்றைய மென்பொருள் யாருக்குக் கடன், யாருக்கு நேர்காணல் என்று தேர்ந்தெடுக்கிறது. ஏன் என்று கேட்டால் அதை விற்றவருக்கே பல நேரம் பதில் தெரிவதில்லை. நாமும் லேசுப்பட்டவர்களில்லை. பொடி எழுத்தில் நாற்பது பக்கம், கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு நீலப் பொத்தான். படித்தா அமுக்குகிறோம்?

சரி, அழிவுக்கு வருவோம். அணுகுண்டு வந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்விக்கு அதைவிட வயது குறைவாக இருக்க முடியாது. 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு சோவியத் கண்காணிப்பு நிலையத்தில் கணினி அலறியது: அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. நம்பகத்தன்மை மிக அதிகம் என்று வேறு காட்டியது. பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ். உலகப் போரை ஐந்தே ஐந்து ஏவுகணையோடு யாராவது தொடங்குவார்களா என்று யோசித்தார். தரை ராடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்துவிட்டது.

அந்த நாற்காலியிலும் இனி ஒரு மென்பொருளை உட்கார வைக்கலாம் என்று சொல்கிறவர்கள்தான் எனக்குக் கிலி கொடுக்கிறார்கள். அது இன்னும் வேகமாக முடிவெடுக்குமாம்!

பெட்ரோவுக்கு உடனே பதக்கம் கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்றைய பதிவேட்டை எழுதவில்லை என்று கண்டித்தார்கள். ஒரு கையில் போன், மறு கையில் இன்டர்காம், எழுத மூன்றாவது கை இல்லை என்றாராம் மனிதர்.