அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை ஆபி வாம்பாக்கை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் காரணம் அவருடைய தலைதான்! நாட்டுக்காக 184 கோல்கள் அடித்தார். அதில் கணிசமானவை தலையால் முட்டியவை. 2013இல் முன்னாள் அமெரிக்க வீராங்கனை மியா ஹாமின் 158 கோல் சாதனையை முறியடித்தார்.

ஆனால் எனக்கு அவர் என்றாலே 2011 உலகக் கோப்பைக் காலிறுதிதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிரேசிலுடன் ஆட்டம். பத்துப் பேரோடு ஆடிய அமெரிக்கா 1-2 எனப் பின்தங்கியிருந்தது. 122ஆவது நிமிடம். இடது ஓரத்திலிருந்து மேகன் ரப்பினோ பந்தைத் தூக்கி அனுப்ப, கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் போன பந்தை, தூரத்துக் கம்பத்தருகே எம்பி முட்டி வலைக்குள் தள்ளினார் வாம்பாக். அப்புறம் பெனால்டியில் வெற்றி. இன்று பார்த்தாலும் சிலிர்க்கும்.

இத்தனைக்கும் 2008இல் கால் எலும்பு முறிந்து பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர். தொழில்முறை லீக்கில் வாஷிங்டன் ஃப்ரீடம், பிறகு சொந்த ஊர்ப்பக்கத்து அணி. உலகக் கோப்பை மட்டும் 2015 வரை காக்கவைத்தது. அதை வென்ற ஆண்டே ஓய்வுபெற்றார்.