ஆடி மாதம் கொடுத்த நாலு ஜாக்கெட்

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஊர். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன பிறகு, வீட்டில் சும்மா கிடந்த அத்தையின் பழைய மிதி மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டுத் தைக்க ஆரம்பித்தேன். தலையணை உறை, டிபன் பை, தாம்பூலப் பை என்று எல்லா விசேஷத்துக்கும் என் கையால் தைத்ததைத்தான் கொடுக்கிறேன். நாத்தனார் மகள் சென்னையில் புது ஃபிளாட்டுக்குப் போனபோது, கனி ஜவுளி மார்க்கெட்டில் கலர் கலராகத் துண்டுத் துணி வாங்கி, நடுவில் பஞ்சு வைத்து, இரண்டு மாதம் உட்கார்ந்து டபுள் கட்டிலுக்கு ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தேன். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அது பால்கனியில் நாய்க்குக் கீழே கிடந்தது! ஓரகத்தியோ, 'இதுக்குக் காசாவே வெச்சுக் குடுத்திருக்கலாம்' என்று என் காதுபடவே சொல்கிறாள். இத்தனைக்கும் ராத்திரி 11 மணி வரை தைக்கிறேன். ஹூக் மாற்றித் தரச் சொல்லி அத்தை ஆடி மாதம் கொடுத்த நாலு ஜாக்கெட்கூட இன்னும் பையிலேயே இருக்கிறது. அந்த அளவுக்கு இவர்களுக்காக உழைக்கிறேன். கைவேலையின் அருமை தெரியாதவர்களுக்கு இனிமேலும் கொடுப்பதா, நிறுத்திவிடுவதா?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: நாய் கொடுத்துவைத்தது. அதைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த நாலு ஜாக்கெட்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் விரிப்புக்கு ஒன்றரைப் பக்கம், நாய்க்கு முக்கால் பக்கம், ஓரகத்திக்கு ஒரு பக்கம். அத்தைக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியையும் அவருக்காக எழுதவில்லை. நீங்கள் எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். கையால் செய்து கொடுத்தேன், மதிக்கவில்லை என்று மாதம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது. கூடை பின்னுகிறவர்கள், குரோஷா போடுகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் செய்யாமல் விட்ட வேலையையே தியாகக் கணக்கில் சேர்த்து எழுதியவர் நீங்கள்தான்.

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஆறு மாதம். நடுவில் தீபாவளி வந்து போனது. அத்தைக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், சந்தேகமில்லை. அதற்கு எந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார்? பொங்கலுக்கு? நாலு ஜாக்கெட் பையில் இருந்தால், வயதானவருக்கு மாற்றிக் கட்ட மிச்சம் எத்தனை இருக்கும்? இரண்டோ மூன்றோ. அவற்றிலும் ஹூக் இருக்கிறதா, சேஃப்டி பின் குத்திக்கொண்டு நடமாடுகிறாரா? முந்தானைக்குள் இருப்பது வெளியே தெரியாது. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவை ஒருநாள் நெஞ்சு வலி என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இசிஜி எடுக்க நர்ஸ் பெண் ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஹூக் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பின். ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டாள். ஒவ்வொன்றும் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருடம்தான் நான் எம்பிராய்டரி வகுப்புக்குப் போய், சங்கிலித் தையலும் காம்புத் தையலுமாக ஒரு மயில் போட்டு, அதற்குச் சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டியிருந்தேன். பெரியம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். மயிலைப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்றார். நான் மயிலைக் கழற்றிவிட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு ஹூக். நாலுக்கு 24. பழையதைப் பிரித்துப் புதியது வைக்க ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் 72 நிமிடம். இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டில் விரிப்பு தைத்தவருக்கு 72 நிமிடம் கிடைக்கவில்லை என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். ஹூக் தைத்தால் யாரும் அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட முடியாது. தைத்த பிறகு அது தைத்த மாதிரியே தெரியாது. அதனால்தான் பையிலேயே இருக்கிறது. இதைச் சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும்.

இன்னொன்று. 'சும்மா கிடந்த மெஷின்' என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷின் சும்மா கிடக்காது. அதை மிதித்தவருக்கு முடியாமல் போயிருக்கும். அந்த மெஷினில் அவர் யார் யாருக்கு என்னென்ன தைத்தார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? உங்கள் கணவரின் பள்ளிக்கூட டவுசர்கூட அதில் தைத்ததாக இருக்கலாம். அவருடைய மெஷினை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தைக்கிறீர்கள், அவருடைய ஜாக்கெட்டுக்கு மட்டும் முறை வரவில்லை. மாமியார் என்றால் மருமகள் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் பேசுகிறேன் என நினைக்காதீர்கள். கூரைக்குள் இருக்கும் பெரியவர் வாய்விட்டு ஒன்று கேட்டால், அதை முடித்துவிட்டுத்தான் வெளியே கொடுக்கப் போக வேண்டும். அவர் அம்மாவாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் தூரத்துச் சித்தியாக இருந்தாலும் இதுதான் என் கட்சி. பழைய கட்சி என்று மகள் வயதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

தையல் மெஷினைப் பற்றி ஒரு கதை. இயந்திரங்களைக் கண்டாலே முகம் சுளித்த காந்தி, 1924-இல் ஒரு பேட்டியில் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். 1851-இல் காப்புரிமை வாங்கிய அந்த ஐசக் சிங்கருக்கு ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன என்பதும், அவருக்குப் பணத்தின் மேல்தான் கண் என்பதும் காந்தியின் காதுக்குப் போகவில்லை போலிருக்கிறது. போகட்டும், ஆள் தப்பு. ஆனால் காந்தி மெச்சிய விஷயம் தப்பில்லை. வீட்டில் ஒருத்தி சிரமப்படுகிறாள் என்று கண்ணில் பட்டு, அதற்காகச் செய்ததைத்தான் அவர் மெச்சினார். உங்கள் வீட்டில் சிரமப்படுகிறவர் இருக்கிறார், மெஷினும் இருக்கிறது. கண்ணில்தான் படவில்லை.

இப்போது நாய்.

நாத்தனார் மகள் உங்களிடம் விரிப்பு கேட்டாளா? கேட்கவில்லை. அவள் கட்டில் அளவு, சுவர் நிறம், வாஷிங் மெஷின் எத்தனை கிலோ என்று நீங்கள் கேட்டீர்களா? அதுவும் இல்லை. டபுள் கட்டில் விரிப்பு என்றால் சுமார் 90-க்கு 100 அங்குலம். நடுவில் பஞ்சு வேறு. ஈரமானால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். ஃபிளாட் பால்கனிக் கொடியில் அது காய எத்தனை நாள்? அப்புறம் துண்டுத் துணி. புதுக் காட்டனைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டுத்தான் வெட்டினீர்களா? சிவப்பும் நீலமும் சாயம் போகிறதா என்று தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்தீர்களா? காட்டன் ஒரு பக்கமும் பாலியஸ்டர் ஒரு பக்கமுமாக ஒட்டுப் போட்டிருந்தால் முதல் அலசலிலேயே காட்டன் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. விரிப்பு அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண் ஒருமுறை துவைத்துப் பார்த்திருப்பாள். தூக்கிப் போட மனசு வராமல்தான் நாய்க்கு விரித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்த பிறகு அது அவள் பொருள். பொங்கலுக்குப் போன இடத்தில் பால்கனி வரைக்கும் சோதனை போடுவது விருந்தாளிக்கு அழகில்லை.

பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்கிறவர்கள் பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். பெயர் கேட்காமல் அந்தப் பாயைத் தறியில் ஏற்ற முடியாது. நீங்கள் ஒருத்தரையும் கேட்காமலேயே தைத்துத் தள்ளியிருக்கிறீர்கள். கேட்காதவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுக்கிறீர்கள். உங்களிடம் கேட்டவர் ஒரே ஒருத்தர். அவருடைய பையைக் கட்டி வைத்துவிட்டீர்கள்.

தாம்பூலப் பையைக் குறை சொல்ல மாட்டேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்தது. துணிப்பை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தையுங்கள். ஓரகத்தி காசுதான் வேண்டும் என்றால் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவள் வாய் கொஞ்சம் நீளம், ஆனாலும் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

விரிப்புதான் தைப்பேன் என்றால் பழைய நூல் சேலையில் தையுங்கள். வங்காளத்தில் காந்தா என்று ஒரு வேலை உண்டு. கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டத் தையல் போட்டு விரிப்பாக்குவார்கள். பழைய துணி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போயிருக்கும். நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய சேலையில்தானே கிடத்துகிறோம். நாத்தனார் மகள் யார்? உங்கள் அத்தைக்குப் பேத்தி. அத்தையின் பெட்டியில் உள்ள சேலைகளில் தைத்திருந்தால் அது பாட்டி சேலை. அப்போதும் நாய்க்குப் போட்டிருப்பாளா? போட்டாலும் போட்டிருப்பாள், இந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்க நீங்கள் முதலில் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

இப்போது போய் உட்காருங்கள். ஹூக்கை ஏன் 'மாற்ற' வேண்டும் என்றார் என்று கேளுங்கள். துருப்பிடித்ததா, பிய்ந்ததா, அல்லது விரல் மடங்காமல் சின்ன ஹூக்கைப் பிடிக்க முடியவில்லையா? காரணத்தைப் பொறுத்துத்தான் வேலை. துரு என்றால் புது ஹூக் போதும். எதிர்ப் பட்டியில் நூலில் போட்ட கண் தொய்ந்திருந்தால் அதையும் அறுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தொய்ந்த கண்ணில் எந்த ஹூக்கும் நிற்காது. தைக்கும்போது இரண்டு காதையும் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஹூக்கின் கழுத்திலும் இரண்டு தையல் போடுங்கள், இல்லாவிட்டால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விரல்தான் பிரச்சினை என்றால் டிச் பட்டன் வேண்டாம், அழுத்தக் கட்டைவிரலில் பலம் வேண்டும். பெரிய சைஸ் ஹூக்காக நாலு போதும். அதுவும் முடியாதென்றால் பட்டிக்கு நடுவில் வெல்க்ரோவைத் துண்டு துண்டாக வைத்துத் தையுங்கள். சொரசொரப்பான பக்கம் உடம்பைப் பார்க்காமல் இருக்கட்டும், மெத்தென்ற பக்கம் உடம்போடு இருக்கட்டும். துவைக்கும்போது ஒட்டி மூடிவிட்டுத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் புடவை நூலையெல்லாம் இழுக்கும். ஆறு மாதத்தில் உடம்பு இளைத்திருக்கும் அல்லது பருத்திருக்கும், அளவும் எடுத்துவிடுங்கள். உள்ளே பிரித்து விடத் துணி இருக்கும்; அந்தக் காலத்து டெய்லர்கள் துணி விடாமல் தைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தை அவருக்குத்தானே அம்மா? ஆறு மாதமாக அவர் கண்ணிலும் அந்தப் பை படவில்லையா? ஊசி பிடிப்பது பொம்பளை வேலை என்றால், நம் ஊர்த் தெருமுனை டெய்லர் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மூன்று ஜாக்கெட்டை நீங்கள் முடியுங்கள். நாலாவதை ஊசி நூல் கோத்து அவர் கையில் கொடுங்கள். 72 நிமிடக் கணக்கு அவருக்குச் செல்லாது, அந்த ஒன்றுக்கே ஒரு ராத்திரி ஆகும். ஆகட்டும்.