கொருக்குப்பேட்டையில் ஏறுகிறவர் எங்கே உட்காருவார்?

கே: தினமும் மாலை சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து பொன்னேரிக்கு லோக்கல் ரயிலில் போகிறேன். வண்டி வருமுன்பே வந்து, இடம் பிடித்து உட்கார்ந்தால், கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஏறுகிற கூட்டம் ‘தள்ளிக் குந்துப்பா’ என்று அதட்டுகிறது. மீன்கூடை, செல்போன் இரைச்சல், படியில் தொங்கும் பையன்களின் கானா வேறு. வட சென்னையைத் தாண்டும்வரை நரகம். நாகரிகமில்லாத இந்தச் சக பயணிகளை என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பொன்னேரி

ப: ‘இடம் பிடித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே நிற்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மூர்மார்க்கெட்டில் இடம் பிடிப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி நிற்கவில்லை, உள்ளே இருப்பவர்கள் இறங்கவில்லை, அதற்குள் ஒரு கூட்டம் பாய்ந்து ஏறுகிறது. ஜன்னல் வழியாகக் கைக்குட்டை விழுகிறது, டிபன் பை விழுகிறது, தண்ணீர் பாட்டில் விழுகிறது. ஒரு ஆள் ஏறி நான்கு பேருக்கு இடம் போடுகிறார். அந்த நான்கு பேரும் பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு, வண்டி ஊதிய பிறகு வந்து உட்காருகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து கேட்டால், ‘ஆள் வருதும்மா’. இறங்க வேண்டிய கிழவர் வாசலில் முழங்கையால் இடிபட்டு நிற்கிறார். இத்தனையும் நடப்பது வண்டி கொருக்குப்பேட்டையைப் பார்ப்பதற்கு முன்னால். ஏறியவர்களில் பாதிப் பேர் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள். நாகரிகமில்லாதவர்கள் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

சீசன் டிக்கெட் உங்களுக்குப் பயணம் செய்ய உரிமை தருகிறது. சீட்டைத் தரவில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவைப் படியுங்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் இன்னொரு பயணி ஏறுவதைத் தடுப்பது குற்றம், அபராதம் உண்டு. வாசலை அடைத்து நின்றுகொண்டு ‘உள்ளே இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ’ என்கிறவர் சட்டப்படி குற்றவாளி. நடுவில் நான்கு பேர் நிற்க இடம் இருக்கும்போதே இதைச் சொல்வார்கள்!

இது புதிய நோயும் இல்லை. 1917 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். அந்த மாதமே அந்தப் பயணத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெட்டியில் 22 பேருக்குத்தான் இடம். பூனா வரை அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை. ஏன் தெரியுமா? உள்ளே இருந்த துணிச்சல்காரர்கள் வெளியே இருந்தவர்களை ஏறவிடாமல் தடுத்தார்கள். ராய்ச்சூருக்கு அப்புறம் அவர்களாலும் முடியவில்லை, கூட்டம் உடைத்துக்கொண்டு ஏறிவிட்டது. ஏறும்வரை கெஞ்சுவது, ஏறியதும் கதவைச் சாத்துவது என்ற புத்தி அன்றைக்கே முழுசாக வளர்ந்திருக்கிறது. ஆனால் காந்தி கூட வந்தவர்களைத் திட்டிவிட்டு நிறுத்தவில்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல ஐந்து மடங்குக்கு மேல், ஆனால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு முதல் வகுப்பு வசதியில் பத்தில் ஒரு பங்காவது உண்டா என்று ரயில்வேயைக் கேட்டார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மீன்கூடைக்கு வருகிறேன். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. காசிமேட்டில் விடியுமுன்பே ஏலத்தில் நின்று, ஐஸ் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிற பெண்கள் அவர்கள். அவர்களைப்போலச் சரக்கோடு வரும் வியாபாரிகளுக்கென்று வண்டியில் வெண்டர் பெட்டி இருக்கிறது. அதில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். லேப்டாப் பை மாட்டிய ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். கூடைக்காரம்மா ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்களும் அவர்களேதான். தன் பெட்டியில் தனக்கே இடமில்லாமல் அவர் உங்கள் பெட்டியில் வந்து, வாசலோரம் கூடையை அணைத்தபடி குத்துக்காலிட்டு உட்காருகிறார். அவரை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஐம்பது வயது அம்மாளை ‘ஏய்’ என்கிறவன் எந்தப் பட்டம் வாங்கியிருந்தால் என்ன? அந்த மீன்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் குழம்பாகிறது.

‘தள்ளிக் குந்துப்பா’ என்பதை அதட்டல் என்கிறீர்கள். எங்கள் வட சென்னையில் அது அழைப்பு. மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் ஒண்டிக்கொள்வதற்குப் பெயர் அராஜகமா? எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால்கள் அவருடையவை. கொஞ்சம் நகர்ந்தால் எண்ணூர் வரைக்குமாவது அவர் உட்காரலாம். ‘குந்து’ என்ற சொல் உங்கள் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது, அவ்வளவுதான். இதே பக்கத்தில் அடையாறு வாசகர் ஒருவரோடு நான் மல்லுக்கு நின்றது பலருக்கு நினைவிருக்கும். வட சென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று எழுதியிருந்தார், சினிமா பார்த்த அறிவில். அந்தச் சண்டையில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. இன்று உங்கள் ‘நரகம்’ வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வட சென்னை ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயிலில் ஏறி இறங்க இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கானா விஷயத்தில் பாதி உங்களோடு சேருகிறேன். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களுக்குத் துணையாக வளர்ந்த பாட்டு அது. பெட்டிப் பலகையில் தாளம் போட்டு ஒரு பையன் நன்றாகப் பாடினால் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் படியில் தொங்குவதைக் கண்டால் வயிறு கலங்குகிறது. அதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது, அதைவிடப் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை கொடிது. ‘ரூட்டு தல’ (அந்த வழித்தடத்து மாணவர் கும்பலுக்குத் தலைவன்) என்று கல்லூரிப் பையன்கள் பட்டாக்கத்தி தூக்குவதைப் பாட்டோடு சேர்க்காதீர்கள். அது போலீஸ் வேலை.

செல்போன் இரைச்சலுக்கு நான் யார் பக்கமும் இல்லை. காதில் மாட்டிக் கேளுங்கள் என்று நேரே சொல்லுங்கள். குடித்துவிட்டு ரகளை, பெண்களிடம் வம்பு என்றால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. அதே திருவொற்றியூர்க்காரர்கள், அதே தண்டையார்பேட்டைக்காரர்கள் அங்கே ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்களை இறங்கவிட்டு ஏறுகிறார்கள். மனிதர்கள் மாறிவிட்டார்களா? இல்லை. இந்த வண்டி போனால் அடுத்தது சில நிமிடத்தில் வரும் என்று தெரியும், அதனால் யாரும் முண்டியடிப்பதில்லை. பொன்னேரி வழியாகப் போகும் கும்மிடிப்பூண்டி லோக்கலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லோரும் மெட்ரோவுக்கு மாறிவிடலாமே என்பார்கள். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் மெட்ரோ எங்கே இருக்கிறது? திருவொற்றியூர்க்காரருக்கே சீசன் டிக்கெட் காசில் மெட்ரோ கட்டுப்படியாகாது.

நம் பாதையில்தான் டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகிற வண்டிகள் கூடூர் வழியாக ஓடுகின்றன. எண்ணூர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகிற சரக்கு வண்டிகள் வேறு. எக்ஸ்பிரஸ் போக வேண்டுமென்றால் லோக்கல் ஓரமாக நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் கை வைப்பார்கள். அந்த மனிதன் இந்த வண்டியிலேயே ஏறியாக வேண்டும், அதனால்தான் உங்களை இடிக்கிறான். கும்மிடிப்பூண்டி வரை மூன்றாவது, நான்காவது பாதை, காலை மாலையில் கூடுதல் வண்டி, எல்லா வண்டியும் 12 பெட்டி என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

கொருக்குப்பேட்டைக்காரர் மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தை ஒரு தாளில் எழுதி, கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்புங்கள். எந்த வண்டி, எத்தனை பெட்டி, எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள். உங்கள் பெட்டியில் நிற்கிறவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். நகலை எனக்கு அனுப்பினால் ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.