கேளுங்கள், சொல்கிறேன்: ரப்பர் விறகு ஏன் புகைகிறது?

கேள்வி: பால் வற்றிய நான்கு ரப்பர் மரங்களைப் போன மாதம் வெட்டினோம். விறகு எரியாமல் புகைகிறது, வெள்ளைப்பொடியும் உதிர்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, குலசேகரம்

பதில்: பொடி வண்டின் வேலை அம்மா. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடித்தான் வண்டு துளைக்கும். புகைக்குக் காரணம் ஈரம். உருளையாகவே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோல் ஈரத்தை வெளியே விடாது. இன்றே ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, நான்காகப் பிளந்துவிடுங்கள். பச்சையில் ரப்பர் சுலபமாகப் பிளக்கும். கவட்டையில் மட்டும் கோடாலி மாட்டிக்கொள்ளும். அங்கே இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடியுங்கள்.

அடுக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் ஒரு வருஷம் வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்கினேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்தால் அடிவரிசை முழுக்கக் கறையான், நடுவே ஒரு விரியன்! அன்றிலிருந்து இரண்டு தென்னந்தடிகளைத் தரையில் போட்டு, அதன்மேல்தான் அடுக்குகிறேன். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடம் வேண்டும். மேலே மட்டும் தகரம் போதும். பக்கவாட்டில் தார்ப்பாய் சுற்றாதீர்கள், காற்று ஓடட்டும்.

நம் குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் தை, மாசி வெயிலை விட்டுவிடாதீர்கள். விறகு நன்றாகக் காய்ந்தால் வெட்டுமுனையில் வெடிப்பு ஓடி, இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அப்புறம் அடுப்பில் வையுங்கள்.