தோலணுவை ஆராயத் துடிக்கும் மகளும் மருத்துவம் கேட்கும் தாயும்

அன்புள்ள அம்மா,

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த உங்கள் மகள் மருத்துவம் வேண்டாம், மூலக்கூற்று உயிரியல்தான் வேண்டும் என்று உறுதியாக நிற்பது உங்களை எவ்வளவு கலங்க வைத்திருக்கிறது என்பதை, சென்ற வாரம் செந்தூலில் உங்களோடு பேசியபோதே உணர்ந்தேன். அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டீர்கள். அதற்கு முன், அவளை இழுப்பது எது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

நம் உடலணுக்கள் ஏறத்தாழ அனைத்திலும் ஒரே மரபணுக்களே உள்ளன; எந்த மரபணு எங்கே, எவ்வளவு செயல்படுகிறது என்பதுதான் தோலணுவை ஈரலணுவிலிருந்து பிரிக்கிறது. மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வர, அதிலிருந்து புரதம் உருவாகிறது. ஏறத்தாழ 22 வேதி எழுத்து நீளமே உடைய மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறு, பெரும்பாலும் அந்தத் தூதின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கிறது, அல்லது தூதையே சிதைய வைக்கிறது. 1993-இல் சிறு புழு ஒன்றில் வெளிப்பட்ட இந்த உண்மைக்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தோலின் அடியடுக்கில் கெரட்டினோசைட் என்னும் தோலணுக்கள் இடைவிடாமல் பெருகுவதற்குப் பி63 என்னும் புரதம் துணைநிற்கிறது. அவை மேலடுக்குக்கு ஏறும்போது மிர்-203 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடி, பி63-ஐ அடக்க, அணுக்கள் பெருகுவதை விட்டு முதிரத் தொடங்குகின்றன. சொரியாசிஸ் என்னும் செதில்படை நோய் கண்ட தோலில் இதே மிர்-203 இயல்பைவிட மிகுந்து காணப்படுகிறது. நோய்க்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தந்தையின் முழங்கைப் படைகளைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த பெண் இந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஒரு தூதை மைக்ரோ ஆர்.என்.ஏ. அடக்குகிறதா என்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிப்பார்கள் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். மின்மினிப் பூச்சியின் ஒளியை உண்டாக்கும் மரபணுவோடு, சந்தேகத்துக்குரிய தூதின் வால்பகுதியை இணைத்து, வளர்ப்புத் தட்டில் உள்ள அணுக்களுக்குள் செலுத்துவார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. அங்கே ஒட்டினால் வெளிச்சம் மங்கும். ஒட்டும் இடத்தின் சில எழுத்துகளை மாற்றிவிட்டால் வெளிச்சம் மீளும். கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் நாம் படகேறிப் பார்க்கும் மினுக்கம் இப்படியும் பயன்படுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். ஆயினும் இதன் பின்னே, அணுக்களுக்கு ஊட்டநீர் மாற்றுவதும், கிருமி புகுந்த தட்டுகளைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதுமாக மாதங்கள் ஓடும். அந்தப் பொறுமை அவளுக்கு உண்டா என்பதுதான் மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி.

வேலை வாய்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். இளங்கலையோடு நிறுத்தினால் நோயறிதல் கூடம், தரக் கட்டுப்பாடு, மருத்துவக் கருவி விற்பனை போன்றவையே முதலில் கைக்கு எட்டும். ஆய்வாளராக வேண்டுமானால் முதுகலையும் பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவை, அதாவது மருத்துவத்துக்கு ஆகும் காலத்தைவிடக் குறைவான காலம் இல்லை. ஆகவே அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் பாடப்பிரிவின் பெயரைப் பார்த்து மட்டும் வரிசைப்படுத்த வேண்டாம். மலாயா பல்கலைக்கழகமோ, தோல் திசு வளர்ப்பில் நெடுங்கால அனுபவம் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமோ, எதுவாயினும் இறுதியாண்டு மாணவர்கள் உயிரணு வளர்ப்பைத் தங்கள் கையால் செய்கிறார்களா, தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்ற இரண்டையும் துறையினரிடம் நேரில் கேளுங்கள். போகும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.