தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் ஒரு நாள் மாலை, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். கேஸாக இருக்கும் என்று ஓம வாட்டர் கொடுத்தேன். இரவில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. ஒருமுறை வாந்தியும் எடுத்தான். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் மறுநாள் அடங்கிவிட்டது. அப்பெண்டிக்ஸ்தான் என்கிறார் என் அண்ணி. கொய்யாப்பழத்தை விதையோடு தின்றதால் வந்தது என்கிறார் மாமியார். மறுபடி வந்தால் எப்படிக் கண்டுகொள்வது? எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? பொதுத்தேர்வு நேரத்தில் ஆபரேஷன் என்றால் என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கொய்யாப்பழத்தின் மேல் பழி வேண்டாம். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்கும், ஒரு முனை மூடிய குழாய்தான் அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால். பெரும்பாலும் கெட்டிப்பட்ட மலத் துணுக்கோ, உட்சுவர்த் திசுவின் வீக்கமோ அதன் வாயை அடைக்கிறது. விதை போய் அடைப்பது மிக அபூர்வம். அடைபட்டதும் சுரப்பு தேங்கும், கிருமிகள் பெருகும், குழாய் உப்பும். ரத்த ஓட்டம் குறைந்து அழுகத் தொடங்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வலி இடம் மாறிய விதம். தொடக்கத்தில் குடல்வாலின் வலி எங்கே என்று உடம்புக்குச் சரியாகத் தெரியாது. தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்டபின், வலது அடிவயிற்றில் ஒரு விரலை வைத்துக் காட்டும் அளவுக்குக் கூர்மையாகிவிடும். வாயு வலி இப்படி ஓரிடத்தில் குடியேறாது. விட்டுவிட்டு வரும்; காற்றுப் பிரிந்தால் தணியும்.

பசியையும் கவனியுங்கள். பிடித்த பலகாரத்தை எதிரில் வைத்தாலும் வேண்டாம் என்பான். வலி முந்தி, வாந்தி பிந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் வாந்தி முந்திக்கொள்ளும். காய்ச்சல் முதலில் 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். வலப்பக்கத்தைப் பிடித்தபடி குனிந்து நடப்பான், இருமினால் சுருக்கென்று வலிக்கும். வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோ ஏறி இறங்கும்போது துடித்துப்போனான் என்று பெற்றோர் சொன்னால், வயிற்றைத் தொடுவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வலுத்துவிடும். ஆனால் எல்லோருக்கும் இப்படி வரிசையாக வராது. குடல்வால் சற்று இடம் மாறி இருந்தால் முதுகுப்பக்கம் வலிக்கலாம், பேதிகூட ஆகலாம். சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் தெளிவாக எதையும் காட்டமாட்டார்கள்.

பையன்கள் விஷயத்தில் இன்னொன்று. விதைப்பைக்குள் இருக்கும் விரை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறு வலிக்கும். கூச்சப்பட்டு வயிற்றுவலி என்றே சொல்வார்கள். அதற்கு 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை வேண்டும். அங்கே வலிக்கிறதா என்று அவனிடம் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்கிறீர்கள். வலி வலப்பக்கம் இறங்கிவிட்டால் பொறுக்கவே கூடாது. நள்ளிரவானாலும் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது. எங்கே வலித்தாலும், விடாத வயிற்றுவலி நான்கைந்து மணி நேரம் நீடித்தால் காட்டிவிடுங்கள். நாள் முழுக்கக் கடத்தினால் குடல்வால் வெடிக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். வெடித்ததும் உள்ளே அழுத்தம் குறைவதால் சிலருக்கு வலி சட்டென்று தணியும். மாத்திரை கேட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் சீழ் பரவி, வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் எகிறும். சுகமானபடி சாப்பிட்டு விளையாடுகிறானா, வலி மட்டும் குறைந்து சுருண்டு கிடக்கிறானா என்று பார்க்கவேண்டும்.

விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் கொடுக்காதீர்கள். ஒத்தடமும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் காபி, டீ வாங்கிக் கொடுக்காமல் வாருங்கள். ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஊசி போட்டதும் வீட்டுக்குத் திரும்புவதுதான் கெடுதல்.

தேர்வைப் பற்றி: 1902 ஜூனில் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது இந்த நோய் முற்றியது. சீழ்க்கட்டியைக் கீறி வடித்தார்கள். உலகத்தையே அழைத்திருந்த விழா ஆகஸ்டுக்குப் போனது. குடல்வால் நாள் பார்த்து வராது.

அதனால் வலி இல்லாத இப்போதே ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் மகனை அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையே போதும். ரத்தம், சிறுநீர் பார்த்து ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தாலே நோய் இல்லை என்றாகிவிடாது, நடந்ததை வரிசை மாறாமல் சொல்லுங்கள். வெடிக்காத குடல்வாலை ஆன்டிபயாடிக் கொடுத்தே அடக்குவதும் உண்டு. ஆனால் அப்படிச் சரியானவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறார்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் வீடு திரும்பி, ஒரு வாரத்தில் புத்தகத்தை எடுத்துவிடலாம். பாரம் தூக்குவதும் கிரிக்கெட்டும் மட்டும் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கட்டும்.