செந்தூலில் ஒரு பழைய வீடு: முன்பணம் கட்டுமுன்

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் பல ஆண்டுகளாக அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு 43 வயது, தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 7,800 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. சேமிப்பு 95,000 வெள்ளி. இதுவரை சொந்த வீடு இல்லை. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) 1970களில் கட்டிய ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஃப்ரீஹோல்ட் (காலவரையற்ற நில உரிமை), 520,000 வெள்ளி கேட்கிறார்கள். வீடு காலமான ஓர் அம்மாவின் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் ஐந்து பேருக்கும் விற்கச் சம்மதம், 90 விழுக்காடு கடன் கிடைக்கும், இந்த வாரமே 3 விழுக்காடு முன்பணம் கட்டுங்கள் என்கிறார் ஏஜென்ட். கூரை ஒழுகுகிறது, அது சின்ன வேலை என்கிறார். வாங்கலாமா? பணம் குறைந்தால் நகையை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: இந்த வாரம் ஒரு காசும் கட்டாதீர்கள், சகோதரி. வீட்டைக் குறை சொல்லவில்லை. நீங்கள் பழகிய வட்டாரத்தில், ஃப்ரீஹோல்ட் தரைவீடு, பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த வீட்டை உங்களுக்கு விற்கும் உரிமை இன்றைக்கு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐந்து பிள்ளைகளும் தலையாட்டினால் போதாது. அந்த அம்மா உயில் எழுதியிருந்தால், அதை நிறைவேற்ற உயிலில் பெயர் குறித்தவர் புரோபேட் (உயிலை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை) எடுத்திருக்க வேண்டும். உயில் இல்லையென்றால் அவர்களில் ஒருவராவது நிர்வாகியாக நியமனம் பெற்று, அதற்கான நிர்வாகப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொரு படியும் உண்டு. உயில் இல்லாத சொத்தில் நிர்வாகியாக வந்தவர் வீட்டையோ நிலத்தையோ விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டின் புரோபேட், நிர்வாகச் சட்டம். இதெல்லாம் முடியச் சில மாதங்கள் ஆகலாம். ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருந்து கையெழுத்துக்கு இழுத்தடித்தால் வருடமும் ஆகலாம். அதுவரை உங்கள் 15,600 வெள்ளி முன்பணம் யாரோ ஒருவர் கணக்கில் தூங்கும். வங்கி கொடுத்த கடன் கடிதமும் காலாவதியாகிவிடும்.

ஆகவே ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “புரோபேட் அல்லது நிர்வாகப் பத்திரத்தின் நகல் இருக்கிறதா?” இருக்கிறது என்றால் மேலே பேசலாம். இல்லையென்றால், எடுத்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். அவர்கள் கட்டாயம் முன்பணம் வேண்டும் என்றால், அதை வழக்கறிஞரின் கணக்கில் வைத்து, இன்ன தேதிக்குள் நீதிமன்ற அனுமதி வராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பணம் போகக்கூடாது. கெரான் (நிலப் பட்டா) நிஜமாகவே ஃப்ரீஹோல்டா, கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) ஏதும் போட்டிருக்கிறதா, பழைய அடமானம் பாக்கி இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இனி கணக்கு. 520,000 வெள்ளிக்கு வாங்கினால் 10 விழுக்காடு 52,000. பெயர் மாற்ற முத்திரை வரி 9,600. கடன் ஒப்பந்தத்துக்கு 2,340. விற்பனை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம் இரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டணம் சேவை வரியோடு 13,300 சுமார். மதிப்பீட்டாளர் கட்டணம், சில்லறைச் செலவுகள் எல்லாம் சேர்த்தால் 80,000 வெள்ளி. உங்கள் கையில் மிஞ்சுவது 15,000. அதைக் கொண்டு ஒழுகும் கூரையை எப்படி மாற்றுவீர்கள்?

பழைய வீட்டில் பணம் மாட்டுவது இங்கேதான். வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்கும். ஓட்டுக்கும் வயருக்கும் கைக்காசுதான். கடனும் ஏஜென்ட் சொல்லும் அளவுக்குக் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. வங்கி பார்ப்பது விற்பவர் கேட்கும் விலையை அல்ல. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை. அவர்களுடைய மதிப்பீட்டாளர் 480,000 என்று எழுதினால் கடன் 432,000 தான். 36,000 வெள்ளி கூடுதலாக உங்கள் கையிலிருந்து போகும். பின்னால் அனுமதி வாங்காமல் இழுத்துக் கட்டிய சமையலறை இருந்தால், அதை மதிப்பீட்டில் சேர்க்காமல் விடவும் வாய்ப்புண்டு. மாநகர் மன்றம் அங்கீகரித்த வரைபடத்தைக் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்குள் நீட்டிக் கட்டியிருந்தால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வருவது புது உரிமையாளரான உங்களுக்குத்தான்.

விலை பேசும்போது 500,000 என்ற எண்ணை மனதில் வையுங்கள். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 வெள்ளி வரை உள்ள வீட்டுக்கு, பெயர் மாற்றம், கடன் ஒப்பந்தம் இரண்டிலும் முத்திரை வரி முழு விலக்கு உண்டு. 20,000 வெள்ளி குறைத்துப் பேசினால் வரியில் ஏறத்தாழ இன்னும் 12,000 மிச்சம். ஆனால் தாளில் மட்டும் விலையைக் குறைத்து மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விலக்கு சந்தை மதிப்பைப் பொறுத்தது. மதிப்பீட்டுத் துறை தன் கணக்கைத்தான் பார்க்கும். உங்கள் இருவரில் ஒருவர் பெயரில் தாத்தா விட்டுப்போன வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் விலக்குக் கிடைக்காமல் போகலாம். அதை இப்போதே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

விலை 500,000-க்கு இறங்கி, 450,000 கடனை 4 விழுக்காட்டு வட்டியில், கணவரின் 70 வயது வரை, 27 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 2,270 வெள்ளி. உங்கள் வருமானத்துக்கு இது தாங்கும். உங்கள் சிக்கல் தவணையில் இல்லை. முதல் ஆறு மாதத்தின் ரொக்கத்தில் இருக்கிறது. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடனும் உறுதியான பிறகே அந்தப் பணம் வரும். முன்பணத்துக்கு அதை நம்பாதீர்கள், கூரைக்கு நம்பலாம்.

கூரை சின்ன வேலையா என்பதை ஏஜென்ட் சொல்லக்கூடாது, கூரைமேல் ஏறியவர் சொல்ல வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு கொந்திராக்டரையும் வயர்மேனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகட்டு வரி நடுவில் தொய்ந்திருந்தால் பிரச்சினை ஓட்டில் இல்லை, அடியில் உள்ள மரத்தில், கறையான் பிடித்திருக்கலாம். கதவு நிலைகளைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றாக இருப்பது போலச் சத்தம் கேட்டால் அதே சந்தேகம்தான். அந்தக் காலத்து வீடுகளில் கூரைத் தகடோ மேல்தட்டுப் பலகையோ அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; கழற்றுவது தனிச் செலவு, கண்டபடி உடைக்கவும் கூடாது. காலையில் குழாயைத் திறந்ததும் சிவப்பாக வருகிறதென்றால் பழைய இரும்புக் குழாய். மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் இருந்தால் வயரிங் முழுவதையும் மாற்றவேண்டியிருக்கும். பழைய சுவரும் புதுச் சமையலறையும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே கோடு விட்டிருப்பது பெரும்பாலான பின்கட்டுகளில் உண்டு, அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் சாய்வான, விரல் நுழையும் வெடிப்பு என்றால் பொறியாளரைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கடைசியாக, புதுப் பெயின்ட் அடித்த ஒரே ஓர் அறை இருந்தால் அங்கேதான் முதலில் பாருங்கள்! இவை அனைத்துக்கும் 50,000 வெள்ளியாவது ஒதுக்கச் சொல்வேன். கொந்திராக்டர் எழுத்தில் தரும் தொகையை விலை பேசும் மேசையில் வையுங்கள்.

வட்டாரம் உங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் வாடகைக்கு இருப்பவர் கண்ணும் வாங்குபவர் கண்ணும் ஒன்றில்லை. பத்து ஆறும் கோம்பாக் ஆறும் அருகே ஓடும் பகுதி அது. அந்த லோரோங்கில் (சந்தில்) வீட்டு வாசல்களில் முழங்கால் உயரத்துக்கு சிமெண்டுத் திண்டு கட்டியிருக்கிறார்களா, யார் வீட்டிலாவது குளிர்பெட்டி செங்கல்மேல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அதைவிட நேரான சாட்சி கிடைக்காது. அங்கேயே பல காலமாக இருக்கும் ஒரு பாட்டியிடம் “தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். “வந்துச்சா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை போய், இரட்டை வரிசையில் கார்கள் நிற்கும்போது தீயணைப்பு வண்டி நுழையுமா என்றும் பாருங்கள். பின்னால் காலி நிலம் இருந்தால், கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இல் அதற்கு என்ன வகை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மாநகர் மன்றத்தில் விசாரியுங்கள். செந்தூலில் காலி நிலம் என்றால் வரப்போவது பூங்கா என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி. ரயில் நிலையங்கள் அருகே இருப்பது வீட்டு மதிப்புக்கு நல்லது, அதே காரணத்துக்காகவே அடுக்குமாடிகளும் வரும்.

நகை விஷயம். பஜாக் (அடகுக்) கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், ஆண்டுக்கு அது 24. வீட்டுக் கடனைவிட ஆறு மடங்கு. தற்காலிகமாக ஓரிரு மாதம் என்றால்கூட, பத்திரம் தாமதமாகும் இந்த வீட்டில் ஓரிரு மாதம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பழுதுபார்க்கத் தனிநபர் கடன் எடுத்தால் அது சி.சி.ஆர்.ஐ.எஸ். (ஒருவரின் கடன்களைக் காட்டும் மத்திய வங்கிப் பதிவு) அறிக்கையில் ஏறி, வீட்டுக் கடனையே குறைத்துவிடும். பத்திரம் தயாராகி, விலை 500,000-க்கு வந்து, எல்லாம் கட்டிய பிறகும் சேமநிதியையும் சேர்த்துப் பழுதுக்கு 50,000 இருந்தால் வாங்குங்கள். நகையை எடுத்துத்தான் அந்தக் கணக்கு நேராகும் என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள்.